கை காட்டியவர்கள்

“கெதியா மிதியும், இசபெல்! இந்தப் பாலைவனப் பூ காலமை விரிஞ்சால் மத்தியானமே கொட்டிப்போடும். வெயில் ஏறினால் இதழுக்குக் குடுக்கத் தண்ணி காணாது,” என்றார் எட்வேட், வேனை ஓட்டிக்கொண்டிருந்த மனைவியிடம்.

ஓய்வுபெற்ற அந்த லண்டன் தம்பதி கட்டிலும் அடுப்பும் உள்ள கேம்பர் வேனில் ஸ்பெயினுக்கு வந்ததே அதைப் பார்க்கத்தான்.

தெருவோரம் நடந்துபோன இருவர் கை காட்டினார்கள். இசபெல் நிறுத்திக் கதவைத் திறந்தார். சிரித்தபடி ஏறினார்கள். அடுத்த வளைவில் மூவர். பிறகு நாயோடு ஒருத்தி.

“எங்கட கட்டிலிலயும் ஆக்கள் இருக்கினம்! பூ கொட்டப்போகுதப்பா!” என்று கத்தினார் எட்வேட்.

நல்லவேளை, போய்ச் சேர்ந்தபோது மலைச்சரிவு முழுக்க வெள்ளைப் பூ. எல்லோரும் கூச்சலிட்டபடி இறங்கினார்கள்.

“அவை சும்மா ஹலோ சொல்லித்தானாம் கை காட்டினவை, இறங்கேக்க சொல்லிச் சிரிக்கினம்! ஏன் நிப்பாட்டினீர்?” என்றார் எட்வேட்.

“என்ர காலைக் கேளுங்கோ! முப்பது வருசம் இல்ஃபோர்ட்டில பஸ் ஓட்டின கால். கையைக் கண்டால் தானாப் பிரேக்கில போகுது!”