நீளக்காதனுக்கு நாலு குட்டி

டெஸா ஒரு வாளியோடு என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே ஒரே ஒரு நீளக்காது சன்ஃபிஷ் மீன்.

"ஓஹையோ ஆத்துல பிடிச்ச சன்ஃபிஷ் வகையெல்லாம் என் வீட்டுக்காரர் ரஸ்ஸல் ஒரே தொட்டியில வளர்க்கிறார். புதுசா எது வந்தாலும் இது கடிச்சே கொல்லுது. மீன் சங்கத்துல உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

"முதல்ல வந்தது தொட்டியே தன்னோடதுன்னு நினைக்கும். இதை என்கிட்ட விட்டுட்டு, இந்த நாலு குட்டி மீனைக் கொண்டு போ."

"அவரோட பழைய பெண்டாட்டியும் இப்படித்தானாம். வீட்டை விட்டுத் துரத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சாம்."

நான் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் திரும்பி வந்தாள். "நீங்க குடுத்த நாலுல ஒண்ணு பச்சை சன்ஃபிஷாம். அது வளர்ந்து, அவரோட மத்த மீனையெல்லாம் முழுங்கிடுச்சு."

நான் என் தொட்டிக்குள் விரலை விட்டேன். நீளக்காதன் நீந்தி வந்து உரசினான்.

"எங்க கைக்கு இது வந்ததே இல்லையே. ஒரே வருஷத்துல உங்ககிட்ட எப்படி இவ்வளவு ஒட்டிக்கிச்சு?"

"ஆறு வருஷம் தீனி போட்டவ நான்," என்றேன். "ரஸ்ஸலுக்கும் சேர்த்து."