முடிவு பண்ணாதவர்கள்

அமெரிக்க அதிபர் வேட்பாளராக நிற்பதற்குக் கட்சிக்குள்ளேயே ஐந்து பேர் மோதினார்கள்; அவர்களில் ஒருவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு ஐவரின் ஆட்களும் மரகதவல்லியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். “இன்னும் முடிவு பண்ணலை” என்றால் போதும், உள்ளே வந்து உட்கார்ந்து பேசுவார்கள். ஐந்து பேரின் வாக்குறுதிகளும் அவளுக்கு மனப்பாடம். ஆனால், நேத்ரா என்ற பெண் மட்டும்தான் சுவரில் மாலையோடு இருந்த படத்தைக் காட்டி, “அங்கிளா?” என்று கேட்டாள்.

நான்காம் முறை நேத்ரா வந்தபோது மரகதவல்லி அவளை இன்னும் ஏமாற்ற மனசு வராமல் வாசலிலேயே சொல்லிவிட்டாள்: “என் ஓட்டு உங்க ஆளுக்குத்தாம்மா.”

நேத்ராவின் முகம் மலர்ந்தது. பட்டியலில் மரகதவல்லியின் பெயரை அடித்தாள். “ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்.”

பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே குடியிருந்த எட்டு வருஷத்தில் மரகதவல்லி ஒருநாளும் கேட்டிராத முதிய குரல் ஒன்று உள்ளிருந்து வந்தது.

“நான் இன்னும் முடிவு பண்ணலைம்மா. உள்ள வா.”