போர்டில் ஏறிய பேர்

பெயிண்டர் சோணை ஏணியில் நின்று போர்டை மாட்டிக்கொண்டிருந்தான். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து: 'ஆயம்மாள் ஏலக்காய்க் கடை'. அதற்குக் கீழே, சின்னதாக, விற்பனை வரி நம்பர்.

"மொதலாளியம்மா, நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் ஆணி அடிப்பேன்."

கதவோரம் நின்ற ஆயம்மாளுக்குச் சிரிப்பும் கூச்சமும் சேர்ந்து வந்தன. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. பிறந்த ஊரான ராசிங்காபுரத்தில் அவள் பேரை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை.

ஆனால் சோணை எவ்வளவோ சுரண்டியும், மஞ்சளுக்கு அடியில் பழைய பேர் மங்கலாகத் தெரிந்தது. அன்னக்கொடி. அவளுடைய ஓரகத்தி, மூத்தாரின் பெண்டாட்டி.

அந்தப் பேரைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்தவள் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டதுபோல் ஆயம்மாளுக்கு உடம்பு கூசியது.

போன மாதம் அடுப்படியில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள். மூத்தார் ராஜாராம் காகிதங்களை நீட்ட, புருஷன் பால்பாண்டி பேனாவைத் திறந்து கொடுத்தான்.

"கடையும் நம்பரும் மதினி பேர்லருந்து ஒன் பேருக்கு மாறுது. மதினிக்குக் கைநாட்டுத்தான, நீ பத்தாவது படிச்சவ."

"வரின்னா என்னங்க கணக்கு?"

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வரி, நம்ம பக்கம் ஒரு வரி, வடக்க அனுப்புனா வேற வரி. அரபு நாட்டுக்குப் போற காய்க்கு மட்டும் வரியே கெடையாது. நம்ம பில்லு பூராம் அரபு நாட்டுக்குத்தான் புள்ள. ஒன் பேரு கப்பல்ல போகப்போகுது."

அப்போது அன்னக்கொடி நிலைப்படியில் வந்து நின்றாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஒல கொதிக்குது பாரு," என்றார் ராஜாராம். அவள் உலைக்குப் போய்விட்டாள். பொறாமையாக இருக்கும் என்று நினைத்தபடி ஆயம்மாள் கையெழுத்துப் போட்டாள். நினைத்ததற்காக அன்று முழுக்க மனசு உறுத்தியது.

அன்னக்கொடி வாசலுக்கு வந்து அவள் பார்த்ததேயில்லை. தெருவில் ஜீப்புச் சத்தம் கேட்டால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் காய் மூட்டை அடுக்கிய அறைக்குள் போய்விடுவாள். "அவளுக்கு ஆளுகளக் கண்டா ஆகாது," என்பார் ராஜாராம். தன்னைக் கண்டும்தான் ஆகவில்லையோ என்று ஆயம்மாள் நினைத்துக்கொள்வாள்.

கடை முன்னால் லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் டீக்கடைக்காரனிடம் கான்பூருக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தான் படித்த பூகோளத்தில் கான்பூருக்குக் கடல் இருந்ததாக ஆயம்மாளுக்கு ஞாபகமில்லை. இன்றைக்கு அதையெல்லாம் யோசிக்க வேண்டாமென்று மனசு தள்ளி வைத்தது.

பின்னால் மல்லிகை வாசம். திரும்பினாள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, அன்னக்கொடி வாசலுக்கே வந்திருந்தாள். வெயில் பழகாத கண்களைச் சுருக்கிக்கொண்டு போர்டைப் பார்த்தாள்.

"அக்கா, என் மேல வருத்தமா?"

அன்னக்கொடி தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி ஆயம்மாளுக்கு வைத்துவிட்டாள்.

"என்னய ஏசிப்புடாதத்தா."

"நான் எதுக்குக்கா உங்கள ஏசப்போறேன்?"

ஆயம்மாளுக்குக் கண் கலங்கியது. நாலு மாதமாக மனசில் கிடந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

தெருமுனையில் ஜீப்புச் சத்தம் கேட்டது.

ராஜாராம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்று எதிர்ப்பக்கமாக நடந்தார். பால்பாண்டி லாரியில் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏங்க," என்றாள் ஆயம்மாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. லாரி நகர்ந்தது.

அன்னக்கொடி மட்டும் ஓடவில்லை.

ஜீப்பு கடை முன்னால் நின்றது. இறங்கிய வரி அதிகாரி நிமிர்ந்து போர்டைப் படித்தார்.

"ஏம்ப்பா, ஆயம்மாள்ங்கிறது யாரு? அரபு நாட்டுக்குன்னு பில்லு போட்ட காயில ஒரு மூட்டைகூடக் கப்பல் ஏறல. கடைய யார் பேருக்கு மாத்தியிருக்கோ, பழைய வரிக்கும் அவங்கதான் பொறுப்பு."

சோணை பெருமையாகக் கதவுப் பக்கம் பிரஷ்ஷை நீட்டினான்.

ஆயம்மாளின் கையை யாரோ பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஜில்லென்றிருந்தது அந்தக் கை.

"வெரசா உள்ள போத்தா," என்றாள் அன்னக்கொடி. "மூட்டைக்குப் பின்னால நான் நின்ன எடம் காலியாத்தான் இருக்கு."