ஒன்பது கீற்றுகள்

சூரியன் படம் தெளிவாகத் தெரிவதற்காகத் தங்கை ஜன்னல் வெயிலை அட்டையால் மறைத்திருக்கிறாள். விசிறிக் காற்றில் அது படபடக்கிறது. இரவுப் பணி முடிந்து வந்த நான் காவலாளிச் சட்டையோடு அவள் பின்னால் நிற்கிறேன். கணினித் திரையில் சூரியனின் வடதுருவம். காந்தக் கோடுகள் அங்கே வளைந்து திரும்பாமல் வெளியே நீள்வதால் சூரியனைச் சூழ்ந்த ஒளிமகுடம் அங்கு இருண்டு கிடக்கிறது. இருட்டில் ஆங்காங்கே வெள்ளைக் கீற்றுகள். வெப்ப வாயு பீறிடும் இடங்கள் என்று, ஆராய்ச்சியைப் பாதியில் விடுமுன் நான் குறித்துக்கொடுத்தவை. “அண்ணா, எதிரெதிர்க் காந்தப்புலம் மோதுற இடத்துலதான் பீறிடும். இந்த ஒன்பதுக்கு அடியில மட்டும் மோதலே இல்ல! நாளைக்குக் கருத்தரங்குல இதைத்தான் பேசப்போறேன். உன் பேரும் இருக்கு, மூஞ்சிய இப்படி வெச்சுக்காத.” கீற்று சில நொடிகள் கழித்து எடுத்த அடுத்த படத்திலும் இருந்தால்தான் அது பீறிடல், இல்லையென்றால் கருவியில் துகள் மோதிய வெறும் கீறல். எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் நான் அடுத்த படங்களைத் திறக்கவே இல்லை. “அடுத்த படத்தைப் பாரு,” என்கிறேன். “நீ பாத்ததுதானே?” “பாக்கல.” அவள் சிரிப்பு பாதியில் நிற்கிறது. விசையைத் தட்டுகிறாள். கீற்று இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்காமல், மீதி ஆறையும் ஒவ்வொன்றாகத் திறக்கிறாள்.