மாறாத ஸ்ட்ரிங்

"ஸ்ட்ரிங் மாறக் கூடாதுன்னுதான் சார் புது விதி. நீங்களும் மாறக் கூடாதுன்னு யாரும் சொல்லல!"

டீம் லீடர் மேடம் சொன்னதும் மீட்டிங் ரூமே சிரித்தது. கிண்டலுக்கு ஆளான சீனியர் புரோகிராமரும் சிரித்தார். ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் 'பழைய வெர்ஷன்'.

அவர்களுடையது டிக்கெட் அச்சடிக்கும் புரோகிராம். ஓகேமல் என்ற கணினி மொழியில் எழுதியது. முன்பெல்லாம் ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துகளைக் கோத்த சரத்தில், நடு எழுத்தை மட்டும் மாற்றலாம். அதனால் வினை. இங்கே ஒருத்தர் பேரைத் தொட்டால், அதே ஸ்ட்ரிங்கை வைத்திருக்கும் இன்னொரு இடத்திலும் மாறிவிடும். இப்போது ஸ்ட்ரிங்கில் கை வைக்க முடியாது. மாற்ற வேண்டியதற்குத் தனியாக 'பைட்ஸ்' என்று ஒரு வகை இருக்கிறது. இவர் மட்டும் பழைய முறையை அனுமதிக்கும் செட்டிங்கை, அந்த 'ஸ்விட்சை', எடுக்காமலே வைத்திருந்தார்.

"ஒரு வாரம் குடுங்க மேடம். பழைய கம்பைலர் சாஃப்ட்வேர் வெச்சிருக்கற கஸ்டமர்களுக்கும் ஓடற மாதிரி மாத்திட்டிருக்கேன்."

"போன மாசமும் இதேதான் சொன்னீங்க. இப்பவே எடுக்கறேன், பாருங்க."

எல்லார் முன்னாலும் ஸ்விட்சை எடுத்துப் புரோகிராமை ஓடவிட்டாள். பெரிய திரையில் ஒரு எரர் வந்து நின்றது. பேரை ஆங்கிலப் பெரிய எழுத்தாக்கும் ஃபைல். ஸ்ட்ரிங்கிலேயே நேராகக் கை வைத்திருந்தார்கள்.

"அடக் கடவுளே! எந்தப் புண்ணியவான் எழுதினது இது?"

அவர் அவசரமாக எழுந்தார். "என்னோடதுன்னே வெச்சுக்குங்க மேடம். ஸ்விட்சைத் திரும்பப் போட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்."

"தெரியும்! அதான் இத்தனை நாளா மூடி மறைச்சீங்களா?"

மறுபடி சிரிப்பு. அவர் காதைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் அவருடைய வருட மதிப்பீட்டை நிரப்ப உட்கார்ந்தாள். 'மாற்றத்தை ஏற்காதவர். தன் தவறை மறைப்பவர்' என்று எழுதினாள்.

மேலிடத்தில் ஆதாரம் கேட்பார்களே? அந்த ஃபைலின் வரலாற்றைத் திறந்தாள். எரர் வந்த வரியை யார், எப்போது எழுதியது என்று தேடினாள்.

தேதி வந்தது. எட்டு வருடத்துக்கு முந்தையது. அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரம்.

பக்கத்தில் அவளுடைய பெயர்.