மூன்று இறக்கைகள்

துணைமின் நிலையக் கண்ட்ரோல் ரூமில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அந்த உச்சி வெயிலில் ஊர் மொத்தமும் ஏ.சி.யைப் போட்டிருந்தது. வோல்ட்டேஜ் சரிந்துகொண்டே போயிற்று. அதை ஏற்றிவிட வேண்டிய மோட்டாரும் கருகிவிடவே, ஆப்பரேட்டர் ஞானசௌந்தரி அதைக் கையால் ஏற்றுவதற்கான இரும்புக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். டிரான்ஸ்ஃபார்மரின் பக்கவாட்டுப் பெட்டியில் அதைச் செருகி, இரண்டு கையாலும் சுற்றத் தொடங்கினாள். உள்ளே போன் அடித்தது.

ஜன்னலில் லைன்மேன் கபூரின் தலை தெரிந்தது. "அக்கா, இன்ஜினியர் பேசுறாரு. வோல்ட்டேஜ் இனி தாங்காதாம். டவுன் லைனை கட் பண்ணச் சொல்றாரு."

டவுன் லைனில்தான் ஆஸ்பத்திரி இருந்தது.

"பாதி சுத்துல விட்டா டிரான்ஸ்ஃபார்மரே எரிஞ்சுபோயிரும். அதுக்கு யாரு பதில் சொல்றதுன்னு கேளு!"

கபூர் அதை அவரிடம் கேட்கவில்லை. ரிசீவரைப் பொத்திக்கொண்டு நின்றான். கைப்பிடி கனத்துக்கொண்டே வந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவள் வாய்க்கு வந்தபடி மோட்டாரைத் திட்டிக்கொண்டே சுற்றினாள். இரும்பின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று 'டொப்'பென்று விழுந்தது. வோல்ட்டேஜ் ஒரு படி ஏறிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குச் சுற்றினாள். மறுபடியும் 'டொப்'.

"அக்கா!" கபூர் அண்ணாந்து பார்த்துக் கத்தினான். "இறக்கையே தெரியலக்கா!"

உள்ளே வந்தவள் அவன் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி, நாற்காலி மேல் ஏறினாள். சுருள் வயர் நீண்ட மட்டும் அதை மின்விசிறியை நோக்கி உயர்த்திப் பிடித்தாள். தலைமுடி நாலாபக்கமும் பறந்தது.

"கேக்குதா சார்? இதைத்தான் கட் பண்ணச் சொன்னீங்க."