பேராயர் நாற்காலிக்கு ஒரு பாலிஷ்

மக்தூம் பாயின் பாலிஷ் கடை வாசலில், உப்பு லாரி கிளப்பிய தூசி அடங்கும்வரை சாக்குக்குள் ஒளிந்திருந்த தேக்கு நாற்காலி இப்போதுதான் வெயிலுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பேராயர் வந்து உட்காரப்போகிற நாற்காலி. சாய்மானத்தில் 'கிட்டங்கி அதிபர் ஆ. தேவபிரசாதம் அன்பளிப்பு' என்று செதுக்கியிருக்கிறது. மேலே இருக்கும் சிலுவையைவிட எழுத்து பெரிசு. புதுத் துறைமுகத்தில் சரக்கு வைக்கக் கிட்டங்கி எடுத்த நாள் முதலாக அவர் அதிபர். பாலிஷ் பூசிய மாதிரி மரத்துண்டுகளைத் தேவபிரசாதம் ஒவ்வொன்றாகப் பெயருக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளிப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். அரக்குப் பாலிஷ் கண்ணாடியாய் மின்னுகிறது. அந்தப் பளபளப்பில் எழுத்துத் தெரியாது. ஈட்டி மரத்துக் கருநிறமோ எழுத்தையே விழுங்கிவிடும். வெறும் மெழுகு பூசினால் ஏழைச் சபை நாற்காலி மாதிரி இருக்கும். "கடைசி பெஞ்சுல இருக்கவனும் வாசிக்கணும் பாய்." "வாசிப்பாங்க அண்ணாச்சி" என்கிறார் மக்தூம், விரலில் காய்ந்த அரக்கைச் சுரண்டியபடி. நின்று நின்று கால் கடுத்த தேவபிரசாதத்தின் மனைவி இன்பமணி, இன்னும் பாலிஷ் ஏறாத அந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்து சாய்கிறாள். பெயர் முழுசும் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. "நானே இப்படி மறைக்கேன், பிஷப்பையா அங்கி வேற போட்டுட்டுல்லா வருவாவ!" என்று சிரிக்கிறாள். தேவபிரசாதம் சிரிக்கவில்லை. கையிலிருந்த துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு, மக்தூமின் காதருகே குனிகிறார். "பிஷப்பையாவுக்கு வேற சேர் போட்டுக்கிடலாம் பாய். ஞாயித்துக்கிழமை வரைக்கும் காயாம, பிசுபிசுன்னு கெடக்குத வார்னிஷ் ஏதும் இருக்கா?"